உப்சாலா முந்திக்கொண்டது: எலினார் ஆஸ்ட்ரமும் ஒரு வாழ்நாள் சாதனை விருதும்

2009 அக்டோபர் 12ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டபோது, பொருளாதாரத் துறையில் பலரும் கேட்ட முதல் கேள்வி "யார் இந்த எலினார் ஆஸ்ட்ரம்?" என்பதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட் அதை ஒளிக்காமல் எழுதினார். முந்தைய நாள் கேட்டிருந்தால் பொருளாதாரப் பேராசிரியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தப் பெயர் தெரிந்திருக்காது என்றார். தனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதே நோபலை வாங்கிய பால் க்ருக்மனும் அவருடைய ஆய்வுகளோடு தனக்குப் பழக்கமில்லை என்றுதான் சொன்னார்.

ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் உப்சாலா. அங்கே இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1999இல், அரசியல் அறிவியலின் மிகப் பெரிய வாழ்நாள் விருதான யோஹான் ஷுட்டே பரிசை அவர்கள் இதே பெண்மணிக்குக் கொடுத்திருந்தார்கள். நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 76. பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் அவர். அவருடைய முனைவர் பட்டம் அரசியல் அறிவியலில். வாழ்நாள் முழுக்க வகித்த பேராசிரியர் பதவியும் அதில்தான்.

ஒரு துறையின் விருது பத்து ஆண்டுகள் முந்திச் சரியாகக் கணித்தது எப்படி? அப்படிக் கணித்தும் அந்தக் கணிப்பு அந்தத் துறையின் மதிலைத் தாண்டாமல் போனது ஏன்? இந்த ஒரு நிகழ்வை விரிவாகப் பார்த்தால், வாழ்நாள் சாதனை விருது என்ற ஏற்பாடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது ஓரளவு பிடிபடும்.

நோபல் இல்லாத துறை

ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் ஐந்து பரிசுகள்தான் இருந்தன: இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி. பொருளாதாரம் அதில் இல்லை. 1968இல் ஸ்வீடனின் மத்திய வங்கி தன் 300ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி நோபல் நினைவாக அந்தப் பரிசை ஏற்படுத்தியது. 1969 முதல் வழங்கப்படுகிறது. அரசியல் அறிவியலுக்கு அப்படியொரு வங்கி வாய்க்கவில்லை. சிகாகோவில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1978இல் நோபல் வாங்கினார் என்றால், அதுவும் பொருளாதார வாசல் வழியாகத்தான்.

உப்சாலாவில் இருந்தது வேறு மாதிரியான பணம். 1577இல் பிறந்த யோஹான் ஷுட்டே ஸ்வீடனின் அரசியல்வாதி; இளவரசராக இருந்த குஸ்தாவ் அடால்ஃபுக்கு ஆசானாக இருந்தவர். 1622இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சொல்வன்மைக்கும் ஆட்சியியலுக்கும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி, கோயிலில் நித்திய பூஜைக்குக் கட்டளை எழுதிவைப்பதுபோல அதன் செலவுக்குச் சொத்தையும் எழுதிவைத்தார். அந்தப் பதவி இன்றும் இருக்கிறது. உலகின் மிகப் பழைய அரசியல் அறிவியல் பேராசிரியர் பதவிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அந்த அறக்கட்டளைதான் 1995இல் பரிசைத் தொடங்கியது. பரிசுத்தொகை இப்போது 5 லட்சம் ஸ்வீடன் குரோனா. நோபலோடு வைத்துப் பார்த்தால் சில்லறைதான். ஆனால் அரசியல் அறிவியலில் அதைவிடப் பெரிய பேர் எதற்கும் இல்லை.

முதல் நான்கு ஆண்டுகளில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஒரு போக்கு தெரியும். 1995இல் ராபர்ட் டால்: ஜனநாயகம், அதிகாரம். 1996இல் ஹுவான் லின்ஸ்: சர்வாதிகார ஆட்சிகள். 1997இல் அரென்ட் லைப்ஹார்ட்: பிளவுபட்ட சமூகங்களில் அதிகாரப் பகிர்வு. 1998இல் அலெக்சாண்டர் ஜார்ஜ்: வெளியுறவு முடிவுகள். அரசு, ஆட்சிமுறை, தேர்தல், போர் என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் வரும் விஷயங்கள். ஐந்தாவது ஆண்டில் வந்தவர் நிலத்தடி நீர், மீன்பிடி, காவல்துறை ரோந்து, பாசன வாய்க்கால் என்று அலைந்தவர்.

குழுவின் முன் இருந்த வாழ்க்கை

எலினார் 1933இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார், பெருமந்தக் காலத்தில். சொற்ப வருமானமுள்ள வீடு. படித்தது பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி. திக்குவாய் இருந்ததால் விவாதக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். எந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பதை அங்கேதான் பழகியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பள்ளியில் பெண் பிள்ளைகளை முக்கோணவியல் படிக்க விடவில்லை. அதன் பலன் பல ஆண்டுகள் கழித்து வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பொருளாதார முனைவர் படிப்புக்குக் கேட்டபோது, கணிதம் போதாது என்று தட்டிக்கழித்தார்கள். அரசியல் அறிவியலில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு முணுமுணுப்போடுதான். நாற்பது பேர் வகுப்பில் நான்கு பெண்கள். இவர்களுக்கு நல்ல வேலை எங்கே கிடைக்கப் போகிறது, துறையின் பெயர் என்னாவது என்று ஆசிரியர்களே வாதாடினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு வேலைக் கதை உண்டு. 1954இல் இளங்கலை முடித்துவிட்டு பாஸ்டனில் வேலை தேடியபோது, போன இடமெல்லாம் தட்டச்சு தெரியுமா, சுருக்கெழுத்து தெரியுமா என்றுதான் கேட்டார்கள். தபால் வழியில் சுருக்கெழுத்து படித்தார். அலுவலகத்தில் அது பெரிதாகப் பயன்படவில்லை. பின்னாளில் களஆய்வில் பேட்டி எடுக்கும்போது குறிப்பெடுக்க நன்றாகவே உதவியது.

ஆய்வேட்டுக்கு வருவோம். வின்சென்ட் ஆஸ்ட்ரம் நடத்திய கருத்தரங்கில் ஒவ்வொரு மாணவருக்கும் தென் கலிஃபோர்னியாவின் ஒரு நிலத்தடி நீர்ப்படுகையைக் கொடுத்தார்கள். எலினாருக்கு விழுந்தது லாஸ் ஏஞ்சலிஸ் கடலோரத்தின் மேற்குப் படுகை. நகராட்சிகள், தனியார் குடிநீர் நிறுவனங்கள், எண்ணெய் ஆலைகள் என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே படுகையில் குழாய் இறக்கி உறிஞ்சினார்கள். நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போய், உப்புநீர் உள்ளே ஏறியது. நான் குறைத்தால் பக்கத்துக்காரன் எடுத்துவிடுவான் என்பதுதான் ஒவ்வொருவர் கணக்கும். 1945இல் வழக்கு தொடங்கியது. தீர்ப்புக்குக் காத்திருக்காமல் பெரும்பாலோர் உட்கார்ந்து பேசி, எடுப்பைக் குறைக்க இடைக்கால ஒப்பந்தம் போட்டார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்க்க நீதிமன்றத்தின் கீழ் ஒரு கண்காணிப்பாளர். வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர நீர் மாவட்டம் என்ற ஓர் உள்ளூர் அமைப்பு. பிறகு, கடலோரமாக வரிசையாகக் கிணறு போட்டு நன்னீரை உள்ளே செலுத்தி உப்பைத் தடுக்கும் ஏற்பாடு. தலைநகரிலிருந்து யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. இதுதான் அவருடைய 1965 ஆய்வேடு. கருத்தரங்கு நடத்திய வின்சென்ட்டை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு திருமணம் செய்துகொண்டார்.

அதே 1965இல் இருவரும் ப்ளூமிங்டனில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். வேலைக்கு அழைக்கப்பட்டவர் கணவர். மனைவிக்குக் கிடைத்தது செவ்வாய், வியாழன், சனி காலை ஏழரை மணி வகுப்பு. அந்த நேரத்தில் அமெரிக்க அரசாங்கம் பற்றிய முதலாமாண்டுப் பாடம் நடத்த வேறு ஆள் கிடைக்கவில்லை. 1974இல் முழுப் பேராசிரியர் ஆனார்.

காவல்துறை ஆய்வு 1970இல் இண்டியானாபொலிஸில் தொடங்கியது. அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகளுக்கு ஒரே பாட்டு: பெருநகரங்களில் சின்னச் சின்ன நகராட்சிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன, எல்லாவற்றையும் இணைத்து ஒரே பெரிய நிர்வாகமாக்க வேண்டும். ஆஸ்ட்ரம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, ஒரே மாதிரியான குடியிருப்புகளைச் சோடி சோடியாக எடுத்து ஒப்பிட்டார்: சிறிய ஊர்க் காவல்துறை பார்க்கும் பகுதி ஒன்று, பெருநகரக் காவல்துறை பார்க்கும் பகுதி ஒன்று. கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், மக்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். சிகாகோ பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த இரண்டு ஏழைச் சிற்றூர்களை எடுத்தபோது, அதே போன்ற பகுதிகளுக்குச் சிகாகோ நகரம் செய்த செலவு பதினான்கு மடங்குக்கு மேல். மக்கள் தந்த மதிப்பெண்ணோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. ரோந்துக்கும் புகார் விசாரணைக்கும் சிறிய அமைப்பு நன்றாக வேலை செய்தது. குற்றவியல் ஆய்வுக்கூடம் போன்றவற்றுக்குப் பெரிய அமைப்பு தேவைப்பட்டது. எதை எந்த அளவில் செய்வது என்பதுதான் கேள்வி. சிறியதா பெரியதா என்ற சண்டை வீண்.

என் கணிப்பில், ஷுட்டே பரிசுக் குழு கவனித்திருக்க வேண்டிய முக்கியமான ஆய்வு இதுதான். பொதுவாக எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அப்புறம் வந்த நூலை.

மேய்ச்சல் நிலம், மீன், வாய்க்கால்

1968 டிசம்பரில் உயிரியலாளர் காரெட் ஹார்டின் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் திறந்துகிடக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலம் பாழாகும் என்பது அதன் சாரம். தனியார் சொத்தாக்கு, இல்லையென்றால் அரசு கையில் எடுக்கட்டும் என்று அடுத்த இருபது ஆண்டுகள் எல்லோரும் அதிலிருந்து பாடம் படித்தார்கள். காடு, கடல், ஏரி எதுவானாலும் கொள்கை வகுப்பவர்களுக்கு அதே இரண்டு மருந்துதான்.

ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல் ஹார்டினை நேரடியாக மறுக்கவில்லை. அவர் சொன்னபடி பாழான இடங்களும் உண்டு, பாழாகாத இடங்களும் உண்டு, வித்தியாசம் எங்கே என்று தேடியது. ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1483இலேயே ஆல்ப்ஸ் மேய்ச்சலுக்குச் சங்கம் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517இல் விதி. கணக்குப் பார்க்க அளவுகோல் எதுவும் வேண்டாம், தொழுவமே அளவுகோல்.

துருக்கியின் அலன்யா துறைமுகத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அங்கே சுமார் நூறு மீனவர்கள். இரண்டு மூன்று பேர் போகும் சிறு படகுகள். 1970களின் தொடக்கத்தில் நல்ல இடத்துக்கு அடிதடி. கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகள் தட்டுத்தடுமாறி ஒரு முறையைக் கண்டுபிடித்தது. செப்டம்பரில் தகுதியுள்ள மீனவர்களின் பட்டியல் போடுவார்கள். வலை போடக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதுவார்கள். ஓர் இடத்து வலை அடுத்த இடத்துக்குப் போகும் மீனை மறிக்காத அளவுக்கு இடைவெளி விட்டு. பிறகு சீட்டுக் குலுக்கல். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு மே வரை மேற்கே. மீன்கள் பருவத்துக்கேற்பக் கடலோரமாக இடம் மாறுவதால் எல்லோருக்கும் நல்ல இடம் ஒரு முறையாவது வரும். நல்ல இடம் வரும் நாளில் யாரும் வீட்டில் தூங்க மாட்டார்கள். அந்த இடத்தில் வேறொருவன் வலை போட்டால் அவனே பார்த்துவிடுவான். தனியாக ஒரு காவலருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டு மீனவர்கள் முறைவைத்து மீன்பிடி இடம் பிரித்துக்கொள்ளும் பாடு முறையை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தோற்ற உதாரணங்களும் அந்த நூலில் உண்டு. அவற்றில் ஒன்று இலங்கையின் தென்கரைக் கிராமமான மாவெல்லவின் கரைவலை. அங்கேயும் முறைவைத்து வலை இழுக்கும் நுணுக்கமான விதிகள் இருந்தன. யார் எப்போது இழுப்பது என்பதில் குறையில்லை. மொத்தம் எத்தனை வலை என்பதில்தான் கோட்டைவிட்டார்கள். வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த சட்டம் இருந்தும் அரசியல் செல்வாக்கால் அது அமலாகவில்லை. வலை பெருகப் பெருக ஒவ்வொரு வலைக்கும் முறை அரிதாகி, வருமானம் தேய்ந்தது. அதே இலங்கையில் கிழக்கே, கல்லோயா இடதுகரைப் பாசனத்தில் 1980களில் வேறு கதை நடந்தது. வாய்க்காலுக்கு ஒரு சிறு குழுவாக விவசாயிகளைத் திரட்டிய திட்டம் அது. அமைப்பாளர்கள் போய், முதலில் வாய்க்காலைத் தூர்வாரும் வேலையில் ஆட்களைச் சேர்த்து, அதிலிருந்து முறைப் பாசனத்துக்கு நகர்த்தினார்கள். தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் பேசுபவர்கள் என்ற நிலையிலும், நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்தில், தண்ணீர் கடைமடைக்குப் போனது. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு முடிவுகள். அரசு கூடவே கூடாது என்றும் இதிலிருந்து படிக்க முடியாது, அரசுதான் வேண்டும் என்றும் படிக்க முடியாது.

இப்படிப் பல உதாரணங்களிலிருந்து எட்டு பொதுக் கூறுகளை அவர் எடுத்தார். யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருக்கும். விதியை மாற்றும் உரிமை பயன்படுத்துபவர்கள் கையில் இருக்கும். மேற்பார்வை பார்ப்பவர் அவர்களுக்கே பதில் சொல்பவராக இருப்பார். எனக்கு இதில் மிகப் பிடித்தது தண்டனை பற்றியது. நீடித்த இடங்களில் முதல் தப்புக்கு அபராதம் அற்பமாகவே இருந்தது. ஒரு முறை தவறியவனைத் துரத்திவிடாமல், "பார்த்துவிட்டோம், இனி செய்யாதே" என்று சொல்லும் அளவுக்கான காசு. தப்பு தொடர்ந்தால்தான் ஏறும். பயமுறுத்தாத தண்டனையா என்று சட்டம் படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் கூட இருப்பவர்கள் ஒழுங்காக இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை அது காப்பாற்றியது.

நேபாளத்திலிருந்து வந்த முடிவு இன்னும் உறுத்தலானது. விவசாயிகளே கட்டிய, மண்ணும் கல்லும் மரக்கிளையுமான தடுப்புகளைக் கொண்ட பாசனங்கள், அரசுப் பொறியாளர்கள் சிமெண்டில் கட்டியவற்றைவிடப் பொதுவாக நன்றாக ஓடின. கடைமடைக்குக் கூடுதல் தண்ணீர் போனது. காரணம் சிமெண்ட் இல்லை. மண் தடுப்பு ஒவ்வொரு மழைக்கும் உடையும். அதைச் சரிசெய்யத் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் ஆள்பலம் வேண்டும். ஆகவே தண்ணீர் விட்டாக வேண்டும். நிரந்தரக் கட்டுமானம் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. பேரமும் போய்விட்டது.

1999இன் முடிவு

இத்தனை இருந்தும் அது எளிய தேர்வாக இருந்திருக்காது. அன்றைய அரசியல் அறிவியலில் கணித மாதிரி போடுபவர்கள் ஒரு பக்கம், ஊர் ஊராய்ப் போய்ப் பேட்டி எடுப்பவர்கள் மறுபக்கம் என்று இரண்டு முகாம்கள் முறைத்துக்கொண்டிருந்தன. ஆஸ்ட்ரம் இரண்டிலும் கால் வைத்திருந்தார். ராய் கார்ட்னர், ஜேம்ஸ் வாக்கர் ஆகியோரோடு ஆய்வுக்கூடச் சோதனைகளும், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் நிலையைக் கணிதமாக ஆராயும் விளையாட்டுக் கோட்பாடும் செய்தார். 1992இல் காடுகளைத் தொடர்ந்து அளக்கும் பன்னாட்டு ஆய்வு வலையமைப்பையும் தொடங்கினார். இரண்டு முகாமிலும் உறவு இருப்பவரை இரண்டுமே தம்மவர் இல்லை என்று ஒதுக்குவது கல்வி உலகில் வழக்கம்.

1996–97இல் அவர் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவர். அந்தப் பொறுப்பில் ஆற்றிய உரையை, கூட்டுச் செயல்பாட்டுக் கோட்பாடுதான் அரசியல் அறிவியலின் மையப் பொருள் என்று தொடங்கினார். துணிச்சலான வாக்கியம். அதுவரை தண்ணீர்க்காரர், மீன்காரர் என்று ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த வேலையை அந்த ஒரே வரியில் துறையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். தனக்குத்தானே நலம் தேடும் மனிதர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு விதியை ஏன் ஏற்கிறார்கள் என்பதுதான் வரி, வாக்கு, சட்டம், அரசு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி என்பது வாதம்.

ஷுட்டே பரிசின் காரண வாசகமும் அந்தத் திசையில்தான் இருந்தது. மீனையோ நீரையோ சொல்லாமல், கூட்டுச் செயல்பாட்டையும், தன் நலனைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் பகுத்தறிவுத் தேர்வையும் பற்றிய ஆழமான ஆய்வு, களச் சான்றிலும் கோட்பாட்டிலும், என்று அமைந்தது. குழு அவருடைய கேள்விக்குப் பரிசு கொடுத்தது; அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுக்கு அல்ல. ஷுட்டே பரிசு பெற்ற முதல் பெண்ணும் அவரே. அடுத்த பெண் 2003இல் ஹானா பிட்கின்.

பத்து ஆண்டு இடைவெளி

அப்புறம் விருதுகள் அடுத்தடுத்து வந்தன. 2001இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசியல் அறிவியல் சங்கம் தரும் ஜேம்ஸ் மேடிசன் விருது 2005இல். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரைக்கர் பரிசு 2008இல். இவ்வளவுக்குப் பிறகும் 2009இல் "யார் இவர்?".

இதற்குப் பொருளாதார அறிஞர்களின் அகந்தை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆஸ்ட்ரமைப் படித்தவர்கள் ஏராளம், ஆனால் வேறு கட்டடங்களில் இருந்தார்கள்: வனவியல், மீன்வளம், பாசனப் பொறியியல், மானுடவியல், சூழலியல். மற்றத் துறைக்காரர் ஷுட்டே பரிசுப் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை. துறைக்குள் தரப்படும் வாழ்நாள் விருது, துறைக்குள்ளேயே ஒருவருடைய இடத்தை உறுதிசெய்கிறது. வெளியே அறிமுகம் செய்வதில்லை. நோபல் குழு அதைச் செய்த விதமும் கவனிக்கத் தக்கது. அவர்கள் ஆஸ்ட்ரமைத் தனியாக நிறுத்தவில்லை. நிறுவனங்களின் உள் அமைப்பை ஆராய்ந்த ஆலிவர் வில்லியம்சனோடு சேர்த்துப் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். சந்தைக்கு வெளியே மனிதர்கள் எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறார்கள் என்ற ஒரே தலைப்பு இருவருக்கும். பொருளாதாரம் ஏற்கனவே அறிந்த ஒருவரின் பக்கத்தில் நாற்காலி போட்டதால் மற்றவரும் புரியும்படி ஆனார்.

நேர் எதிர் வரிசையில் இன்னொருவர் இருக்கிறார். அமர்த்திய சென் 1998இல் நோபல் வாங்கினார், 2017இல் ஷுட்டே. பத்தொன்பது ஆண்டுகள் பிந்தி. ஆசியாவில் பிறந்தவர் ஒருவர் அந்தப் பட்டியலில் ஏற அத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதுவரை அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும்தான். எல்லோருக்கும் முன்பே தெரிந்தவருக்குப் பரிசு கொடுப்பதில் ஆபத்தில்லை, பெருமையும் குறைவு. ஆஸ்ட்ரம் விஷயத்தில் உப்சாலா எடுத்தது துணிவான முடிவு. சென் விஷயத்தில் எடுத்தது பாதுகாப்பான முடிவு. ஒரே குழு இரண்டு மாதிரியும் செய்யும்.

ஒரு பெயர், பல கைகள்

இந்த நிகழ்வில் எனக்கு ஒட்டாத பகுதி ஒன்று உண்டு. சிறு அமைப்புகள் பல சேர்ந்து, ஒன்றுக்கொன்று தனித்தும் ஒத்தும் இயங்கும் முறையைப் பற்றி 1961இலேயே வின்சென்ட் ஆஸ்ட்ரம், சார்ல்ஸ் டீபூ, ராபர்ட் வாரன் மூவரும் எழுதியிருந்தார்கள். காவல்துறை ஆய்வே அந்தக் கருத்தைத் தெருவில் இறக்கிச் சோதித்ததுதான். 1973இல் கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு மையத்துக்குப் பட்டறை என்றே பேர் வைத்தார்கள். இருவரும் ப்ளூமிங்டனில் ஒரு தச்சரிடம் வேலை பழகி, வீட்டு மேசை நாற்காலிகளைத் தாங்களே செய்தவர்கள். ஆய்வும் அப்படித்தான், மூத்தவர் பக்கத்தில் நின்று கைவேலையாகப் பழக வேண்டியது என்பது அவர்கள் எண்ணம். உலகெங்கிலுமிருந்து வந்த மாணவர்கள் அங்கே ஒரே படிவத்தை வைத்து மீன்பிடிகளையும் பாசனங்களையும் காடுகளையும் குறித்தார்கள். டோர்பெல், அலன்யா, மாவெல்ல எதுவும் ஆஸ்ட்ரம் நேரில் போய் எழுதியவை அல்ல. வேறு ஆய்வாளர்களின் களப்பணியை எடுத்து ஒரே சட்டகத்தில் வைத்தவர் அவர்.

ஆக, மக்கள் சேர்ந்து செய்வது பற்றிய, பலர் சேர்ந்து செய்த ஆய்வுக்கு, ஒரே ஒருவர் பெயரில் விருது. நோபல் அறிவிப்பு வந்ததும் இது கூட்டு வேலை என்று அவரே சொன்னார். தன் பங்குப் பணத்தைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். ஷுட்டே பரிசு முதல்முறையாக இருவருக்குச் சேர்த்து வழங்கப்பட்டது 2011இல்தான், ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டுக்கும் பிப்பா நாரிஸுக்கும். அந்த வழி 1999இல் திறந்திருந்தால் வின்சென்ட்டின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எலினாரின் இடம் அதனால் குறைந்திருக்காது. கோட்பாட்டைக் கொடுத்தவர் ஒருவர், அது நிற்குமா என்று ஊர் ஊராகச் சோதித்து, நிற்காத இடத்தைத் தயங்காமல் எழுதியவர் மற்றவர்.

எலினார் 2012 ஜூன் 12ஆம் தேதி கணையப் புற்றுநோயால் இறந்தார். வின்சென்ட் அதே மாதம் 29ஆம் தேதி, 92 வயதில்.

இப்போது அவர் பெயரிலேயே ஒரு வாழ்நாள் சாதனை விருது இருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தில் அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் அரசியல் ஆகியவற்றுக்கான பிரிவு அதை வழங்குகிறது. நல்ல மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் 1999இல் கூட்டுச் செயல்பாடு என்று அகலமாகப் பிடித்த ஆளை இந்தப் பெயர்ப்பலகை சுற்றுச்சூழல் என்ற ஒரு கட்டத்துக்குள் நிறுத்துகிறது. காடும் மீனும் அந்தக் கட்டத்தில் அடங்கும். பெருநகர நிர்வாகமும் காவல்துறையும் அடங்காது. நகராட்சிகளை இணைப்பதா பிரிப்பதா என்று இன்றைக்கு ஒருவர் ஆராயத் தொடங்கினால், முதலில் எடுக்க வேண்டியது ஆஸ்ட்ரமின் 1970களின் காவல்துறை ஆய்வுகள். விருதின் பெயரைப் பார்த்து அவர் அங்கே போய்ச் சேர மாட்டார்.